குக்கர் விசில் முதல் சிக்னல் ஹாரன் வரை: கண்டிஷனிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பெற்றோர் கூட்டம், பி.எட். வகுப்பு, நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு என்று சென்னையில் எங்கே இந்தப் பேச்சு எழுந்தாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி விளக்கவில்லை. அதனால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

கண்டிஷனிங்னா என்ன? பழக்கம்னு சொன்னா போதாதா?

பழக்கம் என்பது விளைந்த பயிர். அது எப்படி விளைந்தது என்று சொல்வது கண்டிஷனிங். பாடநூல்களில் 'ஆக்கநிலையுறுத்தல்' என்று இருக்கும். அது இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று: இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப அடுத்தடுத்து வந்தால், முதலாவது வந்ததுமே உடம்பு இரண்டாவதற்குத் தயாராகிவிடும். மற்றது: நாம் ஒன்றைச் செய்த கையோடு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்து அதை மறுபடி செய்வோம், அல்லது விட்டுவிடுவோம். அவற்றை ஆராய்ந்தவர்களின் பெயரால் முதலாவதை இங்கே பாவ்லோவ் வகை என்றும், இரண்டாவதை ஸ்கின்னர் வகை என்றும் சொல்கிறோம்.

இதைத் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் பெரிய லாபம் ஒன்று உண்டு. 'அவன் பிடிவாதக்காரன்', 'இவ சோம்பேறி' என்று ஆள்மேல் முத்திரை குத்துவதற்கு முன்னால், அந்தச் செயலுக்கு முன்பு என்ன வந்தது, பின்பு என்ன கிடைத்தது என்று பார்க்கத் தோன்றும். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும். பாவ்லோவ் சொன்னது அவ்ளோதானா?

இவான் பாவ்லோவ் மனோதத்துவக்காரரே இல்லை, உடலியங்கியல் அறிஞர். ரஷ்யாவில் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். உணவு வாய்க்கு வருவதற்கு முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்து, அதைத் துளித் துளியாக அளந்தார். மணி மட்டுமல்ல, தாளம் காட்டும் மெட்ரோனோம், பஸர், விளக்கு என்று பலவற்றை வைத்துப் பார்த்தார். உணவுக்கு எச்சில் ஊறுவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். மெட்ரோனோம் சத்தத்துக்கு ஊறுவதுதான் கற்றது.

நடைமுறையில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலில் வரிசை: சத்தம் முன்னால், உணவு பின்னால். திருப்பிப் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. அடுத்து இடைவெளி: சில நொடிக்குள் உணவு வந்தால்தான் நன்றாகப் பதியும். மூன்றாவது, அந்தச் சத்தம் எதையாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 1960-களில் ராபர்ட் ரெஸ்கோர்லா இதைத் தெளிவாகக் காட்டினார். சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் அதே அளவு மின் அதிர்ச்சி கிடைக்கும் என்றால், எலி சத்தத்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் குக்கரின் மூன்றாவது விசிலுக்குப் பசி கிளம்புகிறது என்றால், மூன்றாவது விசிலுக்குப் பிறகு சாப்பாடு உண்மையிலேயே வருகிறது என்று அர்த்தம்.

அப்போ ஸ்கின்னர் சொன்னது எதுல வேற?

பாவ்லோவின் நாய் எதுவும் செய்யாவிட்டாலும் உணவு வரும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பெட்டியில் எலி கம்பியை அழுத்தினால்தான் உணவு. அவருக்கு முன்பே 1898-இல் தார்ன்டைக், பூனையைக் கூண்டில் அடைத்து, அது தாழ்ப்பாளைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் தடவைக்குத் தடவை குறைவதை அளந்திருந்தார். ஸ்கின்னர் 1930-களில் அதை ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தார்.

பிரித்துப் பார்க்க எளிய வழி: உடம்பு தானாகச் செய்வது (எச்சில், படபடப்பு, குமட்டல், வியர்வை) பெரும்பாலும் பாவ்லோவ் வகை. கை, கால், வாய் கொண்டு நாம் செய்வது பெரும்பாலும் ஸ்கின்னர் வகை.

எதிர்மறை வலுவூட்டல்னா தண்டனைதானே? டெட் (ஆசிரியர் தகுதி) எக்ஸாம்ல எப்பவும் தப்பா போயிடுது.

இல்லை. இந்த ஒரு குழப்பம்தான் அதிகமாக மதிப்பெண்ணைத் தின்கிறது. 'வலுவூட்டல்' என்றால் செயல் கூடுகிறது. 'தண்டனை' என்றால் செயல் குறைகிறது. 'நேர்மறை' என்றால் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது, 'எதிர்மறை' என்றால் ஏதோ ஒன்று விலகுகிறது. நல்லது, கெட்டது என்ற பொருள் அதில் இல்லை. கூட்டல், கழித்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் சீட் பெல்ட் போடும்வரை 'டிங் டிங்' என்று கத்துகிறது. போட்டதும் நிற்கிறது. தொந்தரவு விலகியதால் பெல்ட் போடுவது கூடியது: எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் வாங்கிய பிறகு வெறுந்தலையோடு ஓட்டுவது குறைந்தால் அது தண்டனை. அலாரத்தில் ஸ்னூஸ் அழுத்துவது எதிர்மறை வலுவூட்டல்: சத்தம் நின்ற நிம்மதியே அடுத்த நாளும் அழுத்த வைக்கிறது.

சூப்பர் மார்க்கெட் போனா தரையில புரண்டு அழுவுறான். என்ன பண்றது?

முதலில் நடப்பதை நொடி நொடியாகப் பாருங்கள். பில் போடும் இடம், கண்ணுக்கு நேராகச் சாக்லேட். கேட்கிறான், 'வேணாம்' என்கிறீர்கள். குரல் ஏறுகிறது. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். அழுகை நிற்கிறது. இங்கே இரண்டு பேர் பாடம் கற்றார்கள். அழுதால் சாக்லேட் கிடைக்கும் என்று அவன் கற்றான் (நேர்மறை வலுவூட்டல்). கொடுத்தால் அழுகை நிற்கும் என்று நீங்கள் கற்றீர்கள் (எதிர்மறை வலுவூட்டல்). அவன் உங்களை ஏமாற்றவில்லை, நீங்களும் மோசமான பெற்றோர் இல்லை. இருவரையும் ஒரே வலை பிடித்திருக்கிறது.

செய்ய வேண்டியது: பசியோடும் தூக்கத்தோடும் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். வாசலிலேயே ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: 'இன்னைக்கு அரிசி, பருப்பு மட்டும்தான். கூடையை நீதான் தள்ளணும்.' கையில் வேலை இருப்பது பாதி உதவி. அழுகை தொடங்கினால் ஒரே ஒரு தடவை 'இல்லப்பா' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். திட்டுவது, முறைப்பது, சமாதானம் சொல்வது எல்லாமே கவனம்தான். பல குழந்தைகளுக்குச் சாக்லேட்டைவிட அதுதான் பெரிய பரிசு. அடிபடாத இடத்தில், பக்கத்திலேயே அமைதியாக நில்லுங்கள். அழுகை அடங்கிய சில நொடிக்குள் பேச்சுக் கொடுங்கள், தோளில் தூக்குங்கள். தாமதித்தால் எது பிடித்துப்போய் அம்மா பேசினாள் என்று அவனுக்குப் புரியாது.

இப்போது பலரும் தோற்கும் இடம். பரிசு நின்ற முதல் சில தடவைகளில் அழுகை குறையாது, கூடும். முன்பு 2 நிமிடம் அழுதவன் 10 நிமிடம் அழுவான், புதிதாகத் தலையை முட்டிக்கொண்டாலும் கொள்வான். லிஃப்ட் வராவிட்டால் நாம் பட்டனைப் படபடவென்று அழுத்துகிறோமே, அதே கதை. முறை தப்பு என்று அங்கே கைவிட்டு வாங்கிக் கொடுத்தால், 'இந்த அளவுக்கு அழணும்' என்பதுதான் பதியும். கடைசிவரை தாங்க முடியாத நாள் என்று தெரிந்தால் (தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, ரங்கநாதன் தெரு), அவனை வீட்டில் விட்டுப் போங்கள், அல்லது அவன் அழுவதற்கு முன்பே நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அழுத பிறகு மட்டும் வேண்டாம். தாத்தா பாட்டியிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு வீட்டில் இரண்டு சட்டம் இருந்தால் நடக்காது. காய்ச்சல், வலி, பயம் இவற்றால் அழும் குழந்தைக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே உடனே அணைத்துக்கொள்ள வேண்டும்.

பத்து தடவை மறுத்துட்டு ஒரே ஒரு தடவை கொடுத்தா என்ன ஆயிடும்?

ஒவ்வொரு தடவையும் கொடுப்பதைவிட மோசமாகும். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க இதைப் பற்றியதுதான். எத்தனையாவது தடவை கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது பரிசு கிடைத்தால், செயல் வேகமாக நடக்கும், பரிசை நிறுத்தினாலும் லேசில் நிற்காது. காசு போட்டதும் பொருள் வராத மெஷினில் இரண்டாவது காசு யாரும் போடுவதில்லை. லாட்டரியில் தோற்றவர் மட்டும் அடுத்த சீட்டை வாங்குகிறார்.

கையில் இருக்கும் போனும் இப்படித்தான். பத்து தடவை திறந்தால் ஒன்பதில் ஒன்றுமில்லை, ஒன்றில் நல்ல செய்தி. அந்த 'எப்போது' என்பது தெரியாததுதான் பிடித்து வைக்கிறது. தப்பிக்க வழி, அந்த நிச்சயமின்மையை உடைப்பது: நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு, காலை 10, மதியம் 1, மாலை 6 என்று நேரம் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கை துறுதுறுக்கும். அது முந்தைய பதிலில் சொன்ன அதே கூடுதல் அழுகைதான்.

அடிச்சாதானே பயம் இருக்கும்? எங்களை எல்லாம் அடிச்சுத்தானே வளர்த்தாங்க?

தண்டனை வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்: உடனே வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் வர வேண்டும், தொடக்கத்திலேயே கடுமையாக இருக்க வேண்டும். எந்த வீட்டாலும் முதல் இரண்டையும் நிறைவேற்ற முடியாது. மூன்றாவதை எந்த வீடும் செய்யக் கூடாது. அரைகுறைத் தண்டனை என்ன கற்றுக்கொடுக்கும் என்பதைக் காலை நேரச் சாலையில் பார்க்கலாம். பெட்ரோல் டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட் போலீஸ் நிற்கும் சந்திப்புக்கு 100 மீட்டர் முன்னால் தலைக்கு ஏறுகிறது, தாண்டியதும் இறங்குகிறது. அவர் கற்றுக்கொண்டது பாதுகாப்பை அல்ல, போலீஸ் நிற்கும் இடத்தை. அடி வாங்கும் குழந்தையும் அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தைத்தான் கற்கிறது.

கூடவே பாவ்லோவ் வகையும் ஓசையில்லாமல் நடக்கும். கணக்குப் பாடத்தில் அடி விழுந்தால், அடிக்கான பயம் கணக்கு நோட்டின்மேலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வருடக்கணக்கில் 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லும் பிள்ளைக்கு வராதது கணக்கு இல்லை, நோட்டைத் திறக்கும் தைரியம். பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அதில் 'லேசா ஒரு தட்டு' என்று விலக்கு கிடையாது.

மாற்று என்ன என்றால், எதைச் செய்யக் கூடாது என்பதற்குப் பதில் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு செயலைக் கொடுத்து, அதைச் செய்யும்போது கவனியுங்கள். 'கத்தாதே' என்பதைவிட 'பக்கத்துல வந்து கையைத் தொட்டுக் கூப்பிடு' என்று சொல்லி, அப்படிக் கூப்பிட்டதும் உடனே திரும்புவது பலன் தரும்.

ஸ்டார், சாக்லேட்டுன்னு கொடுத்துப் பழக்கினா லஞ்சம் மாதிரி ஆயிடாதா?

சரியான பயம்தான். 1973-இல் மார்க் லெப்பர் குழுவினர் ஒரு பாலர் பள்ளியில் இதைப் பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு ஆசை குறையவில்லை.

ஆகவே, தானாகவே விருப்பத்தோடு செய்வதற்கு விலை பேசாதீர்கள். விருப்பமே இல்லாத வேலைக்கு (பல் தேய்ப்பது, வாய்ப்பாடு) தொடக்கத்தில் சின்னப் பரிசு தவறில்லை. முதல் வாரம் ஒவ்வொரு தடவையும், பிறகு இடைவெளி விட்டு, பிறகு பாராட்டு மட்டும் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். காசு செலவில்லாத பரிசு ஒன்றும் உண்டு. பிள்ளை தானாகவே ஓடிப்போய்ச் செய்வதை, பிடிக்காத வேலைக்குப் பின்னால் வையுங்கள்: 'பத்து கணக்கு, அப்புறம் தெருவுல கிரிக்கெட்.' டேவிட் பிரிமாக் 1959-இல் சொன்னது இது. வரிசையை மாற்றி 'விளையாடிட்டு வந்து போடு' என்றால் வேலை செய்யாது.

காபி முதல் வாய்லயே தலைவலி விட்டுடுதே, அது பாவ்லோவா?

பெரும்பகுதி. காஃபின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணிக்கு மேல் ஆகலாம். டிகாக்‌ஷன் மணத்திலும் டபரா சூட்டிலும் வரும் தெளிவு, வரப்போவதற்கு உடம்பு முன்கூட்டித் தயாராவது. ஆனால் காபி தவறினால் வரும் தலைவலி நிஜம்: அது காஃபினை நிறுத்தியதால் வருவது. அந்த வலி போவதற்காகவே மறுபடி குடிப்பது எதிர்மறை வலுவூட்டல்.

ஒரே ஒரு தடவை பரோட்டா சால்னா சாப்ட்டு ராத்திரி வாந்தி. நாலு வருஷமா வாசனையே ஆகல. ஒரு தடவையிலேயே பதியுமா?

பதியும். இடைவெளி சில நொடி என்று மேலே சொன்னதற்கு இது பெரிய விதிவிலக்கு. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வாந்தி வந்தாலும் மூளை சுவையைத்தான் குற்றவாளியாகப் பிடிக்கும். ஜான் கார்சியா 1966-இல் எலிகளில் காட்டியது: குமட்டல் சுவையோடு ஒட்டும், மின் அதிர்ச்சி ஒளியோடும் ஒலியோடும் ஒட்டும், மாற்றிப் போட்டால் ஒட்டாது. விஷத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளாத உயிர் பிழைக்காது.

உண்மையில் வாந்திக்குக் காரணம் வைரஸாகவே இருந்திருக்கலாம். 'அந்தக் கடை நல்ல கடைதான்' என்று அறிவுக்குத் தெரிந்தாலும் வயிறு கேட்காது. திரும்பச் சாப்பிட ஆசை இருந்தால் சால்னாவை விட்டுவிட்டு, வெறும் பரோட்டாவை வேறு ஏதாவதோடு இரண்டு வாய் தொடங்குங்கள். கீமோதெரபி எடுப்பவரின் வீட்டாருக்கு ஒரு குறிப்பு: சிகிச்சைக்குச் சற்று முன்பு அவருக்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள். அது வெறுத்துப்போகும்.

சிக்னல்ல 5, 4, 3-ன்னு ஓடும்போதே பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்களே, ஏன்?

ஹாரன் அடிக்கிறார், அடுத்த 3 நொடியில் முன்வண்டி நகர்கிறது. விளக்கு பச்சையானதால் நகர்ந்தது. ஆனால் செயலுக்குப் பின்னால் பரிசு வந்துவிட்டது. தினம் பத்து சிக்னல், வருடம் முழுக்க.

1948-இல் ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் 15 நொடிக்கு ஒரு முறை தீனி விழும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் வினோதச் சடங்குகளைத் தொடங்கின. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. தீனி விழும் நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது ஒட்டிக்கொண்டது என்பது அவர் விளக்கம். தீனியை எதிர்பார்க்கும் நேரத்தில் பறவை இயல்பாகச் செய்யும் அசைவுகளும் அதில் கலந்திருக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இரண்டுமே ஹாரனுக்குப் பொருந்தும். ஒரு வாரம் ஹாரனைத் தொடாமல் அதே வழியில் போய்ப் பாருங்கள். வண்டிகள் அதே நொடியில்தான் நகரும்.

மதியம் மாமி 'கா கா'ன்னு கூப்பிட்டா காக்கா வருது. இது எந்த வகை?

இரண்டும் பின்னிக் கிடக்கிறது. குரலும் மதிலும் சோற்றை முன்கூட்டிச் சொல்வது பாவ்லோவ். பறந்து வந்தால் சோறு கிடைப்பது ஸ்கின்னர். 'கா கா' என்பது 'இப்போது வந்தால் பலன் உண்டு' என்னும் அடையாளம். கண்டக்டரின் இரட்டை விசிலுக்கு டிரைவர் கியர் போடுவதும் இந்த வகைதான். மாமி ஊருக்குப் போய்விட்டால் காக்காய் சில நாள் வந்து, பிறகு வரவு குறையும்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்குது. இதுவும் கண்டிஷனிங்கா?

ஆம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்த நாள்களில் மழைச் சத்தமும் உயிர்பயமும் சேர்ந்தே வந்தன. அதற்கு முன் தூக்கம் வரவழைத்த அதே சத்தம் இப்போது படபடப்பைக் கொண்டுவருகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பயம் தானாகக் கரையாமல் இருக்கக் காரணம் தவிர்த்தல். மழை வந்ததும் பத்து தடவை எழுந்து தெருவைப் பார்க்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் சின்ன நிம்மதி. அந்த நிம்மதி பார்ப்பதை வலுவூட்டுகிறது, பார்க்காமலிருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்துவதை இதோடு சேர்க்காதீர்கள். தண்ணீர் நிஜமாக வரும் ஊரில் அது புத்திசாலித்தனம். தூறலுக்கே இரவெல்லாம் விழித்திருப்பதுதான் பிரச்சினை. எச்சரிக்கை இல்லாத நாளில் தெருவைப் பார்ப்பதை இரவு 10 மணிக்கு ஒன்று, அதிகாலை ஒன்று என்று சுருக்குங்கள். மழைப் பதிவைப் பகலில், மெல்லிய ஒலியில், பிடித்த வேலை செய்தபடி கேளுங்கள். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பயத்தைக் கரைத்ததும் இப்படித்தான்.

தீபாவளி வந்தா எங்க நாய் கட்டிலுக்கு அடியில போயிடுது. இந்த முறை உதவுமா?

உதவும், 6 முதல் 8 வாரம் முன்பே தொடங்கினால். பட்டாசுச் சத்தப் பதிவை, நாய் காதை மட்டும் திருப்பும் அளவுக்கு மெதுவாக வையுங்கள். சத்தம் கேட்ட பிறகு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. வரிசை மாறக் கூடாது: துண்டைக் காட்டிவிட்டுச் சத்தம் வைத்தால், கோழியே பயத்தின் அறிகுறி ஆகிவிடும். ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிடம். நாய் உங்களை ஆவலோடு பார்க்கத் தொடங்கிய பிறகே ஒலியை ஒரு படி கூட்டுங்கள். மூச்சிரைப்பு, வாலை ஒடுக்குவது, தின்ன மறுப்பது தெரிந்தால் இரண்டு படி குறையுங்கள். பெரும்பாலோர் தோற்பது அவசரத்தால்தான்.

பதிவில் வெடியின் அதிர்வு வராது. அதனால் அன்றைக்கு ஜன்னலை மூடி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, ஒளிந்துகொள்ள இடம் விடுங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வலுவூட்டப்படாது. பயம் தானாக வருவது, அது பரிசுக்காகச் செய்யும் செயல் இல்லை. அதிகமாக நடுங்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேளுங்கள்.

ஆறு மாசம் சிகரெட் தொடல. பழைய டீக்கடையில நின்னதும் கை தானா போகுது. விட்டது விட்டதுதானே?

பழையது அழிவதில்லை, அதன்மேல் புதியது எழுதப்படுகிறது. புதியது எழுதப்பட்ட இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். வீட்டில் விட்டீர்கள், டீக்கடையில் இன்னும் விடவில்லை. பாவ்லோவே இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார்: எச்சில் அடங்கிய நாய்க்கு, ஓய்வு கொடுத்து மறுபடி சத்தம் எழுப்பினால் எச்சில் கொஞ்சம் திரும்பி வந்தது.

முதல் சில மாதம் கடையை மாற்றுங்கள். பிறகு அதே கடைக்கு, புகைக்காத நண்பரோடு, கையில் டம்ளரும் கடலைமிட்டாயுமாகப் போய் நின்று, ஆசை ஏறி இறங்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.

21 நாள்ல எந்தப் பழக்கமும் வந்துடுமாமே?

அதற்கு ஆதாரம் இல்லை. 2010-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். நடுத்தரக் கணக்கு 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை இருந்தது. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

மனுஷனை எலி மாதிரி பார்க்கிறது சரியா?

எல்லாவற்றுக்கும் இது போதாது. எலிக்கே போதாது என்று கார்சியா காட்டினார். ஸ்கின்னரிடம் படித்த பிரிலண்ட் தம்பதியர், உண்டியலில் காசு போட ரக்கூனைப் பழக்கினார்கள். அது காசைப் போடாமல் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தது. தீனியைக் கழுவும் இயல்பு பரிசை வென்றுவிட்டது. மனிதர் பார்த்துக் கற்கிறார், கேட்டுக் கற்கிறார், காரணம் யோசிக்கிறார். ஆனால் யோசிக்காமல் செய்யும் நூறு சின்னச் செயல்கள் தினமும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே உதவும்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

பயத்தால் வேலை, பள்ளி, தூக்கம் கெட்டால். குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால். குடியை நிறுத்த நினைத்தால். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, மருத்துவர் துணை கட்டாயம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு உண்டு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போகும்போது ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எத்தனை மணி, முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், பின்னால் என்ன கிடைத்தது. நான்கு கட்டம் போட்ட ஒரு பக்க நோட்டே போதும்.